ஓயாத தாடை

ரயில் இன்னும் பதுளைக்கு வராத காலம். லுணுகலையிலிருந்து மாட்டு வண்டியில் என் மகள் ஹம்ஸியாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது மழை பிடித்திருந்தது. வார்டு முழுக்க மருந்து வாடை, ஈரக் கம்பளி வாடை.

பதினேழு வயதிலிருந்து அவளுடைய வலது தாடை மூட்டில் எலும்பு வளர்ந்துகொண்டே போனது. முகம் இடப்பக்கம் கோணி, பல்லோடு பல் சேராமல், இரண்டு வருடமாகக் கஞ்சிதான். டொக்டர் காதுக்கு முன்னால் கீறி, வளர்ந்த எலும்பை அறுத்தெடுத்தார். முகம் நேரானது. வெட்கமில்லாமல் அழுதேன்.

எலும்பை ஒரு துணியில் முடிந்து என்னிடம் தந்தார்கள். உடம்பிலிருந்து வந்ததை மண்ணில் அடக்குவது எங்கள் வழக்கம். பள்ளிவாசல் மோதினாரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கடைத்தெருவெல்லாம் தெரிந்துவிடும், பிறகு இவளை எவன் கட்டுவான் என்று யோசித்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அன்று காலை, பட்டினியால் ரோட்டில் விழுந்து செத்த, ஊர் பேர் தெரியாத ஒருத்தியை மையவாடியில் அடக்கியிருந்தார்கள். ஆட்கள் போனதும் அந்தப் புதுமண்ணின் தலைமாட்டில், முழங்கை ஆழத்தில், முடிச்சைப் புதைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ஹம்ஸியாவின் தாடை தானாக அசையத் தொடங்கியது.

மென்றாள். வாயில் ஒன்றும் இல்லை.

"நான் சும்மாதான் ஈக்கிறேன், வாப்பா," என்று முனகினாள். "என்ட வாயால வேற யாரோ மெல்லுறாங்க."

தாடையை இறுக்கிக் கட்டினார்கள், கட்டு அறுந்தது. தையல் பிரிந்து இரத்தம் தலையணையில் ஊறியது. தாடை ஓயாவிட்டால் பிள்ளை தங்காது என்று டொக்டர் கையை விரித்தார்.

யாருடைய பசி அது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மண்வெட்டியோடு மையவாடிக்கு ஓடினேன். கொட்டுகிற மழையில் அங்கே ஈ காக்கை இல்லை. அடக்கிய கப்ரைத் தோண்டுவது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரியும். யா அல்லாஹ், வேறு என்ன செய்வேன்?

துணி கிடைத்தது. முடிச்சு அவிழவில்லை.

உள்ளே எலும்பு இல்லை.

இன்னும் தோண்டினேன். உடலுக்கு மேல் மூடியிருந்த பலகையைப் புரட்டினேன். உடலைச் சுற்றிய வெள்ளைக் கபன் துணி வாய் இருந்த இடத்தில் கிழிந்திருந்தது. செத்தவளின் தாடை இடப்பக்கம் கோணியிருந்தது.

அசைந்துகொண்டிருந்தது.

அந்தத் தாடையில் ஏறியிருந்த எலும்பைப் பிடுங்கக் கையை நீட்டினேன், முடியவில்லை. குழிக்குள்ளேயே மண்டியிட்டேன்.

"தாயே, அத நீயே வெச்சுக்கோ. என்ட புள்ளய மட்டும் உட்டுடு."

தாடை நின்றது.

மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வார்டுக்கு ஓடிவந்தேன். ஹம்ஸியா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரத்தம் நின்றிருந்தது, முகம் நேராக இருந்தது. மூன்று நாளாக ஒரு சொட்டுக் கஞ்சி இறங்காத பிள்ளை. கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனேன்.

"வேணாம் வாப்பா," என்று சிரித்தாள். "வயிறு நெறஞ்சி ஈக்கி."

அவள் பல்லிடுக்கில் வெள்ளைத் துணியின் ஒரு நூல், ஈரமண்ணோடு தொங்கியது.