ஐம்பத்தைந்து நேயர் விருப்ப அட்டைகள்

மதியம் மூன்று மணிக்குத் துப்பறிவாளரைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அது அவர் தூங்கும் நேரம். சரணடைய வந்த கள்ளக் கையெழுத்துக்காரன் ஒருவன் நாலரை வரை வாசலில் காத்திருந்து, அலுத்துப்போய், திருந்தியே போய்விட்டான் என்று அந்தத் தெருவில் இன்னும் சொல்வார்கள். அவருக்குச் சாவகாசம் என்று பட்டப்பெயர். அவரோடு அலையும் மைத்துனருக்கு அவசரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வயது ஐம்பது ஆகியும், கடிதம் வருவதற்கு முன்பே பதில் எழுதி வைத்துவிடுகிற ஆள்.

அன்று மூன்று மணிக்கே ஒரு பெண்மணி வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். பின்னாலேயே குடையும் பையுமாக அவர் கணவர்.

"ஆஸ்பத்திரியில ஆறு மணியோட பார்வை நேரம் முடிஞ்சிடும் சார். அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்" என்றார் அவர்.

அவர் ஒரு பாடகி. அவசரத்துக்கு அவரை அடையாளம் தெரியவில்லை; அதில் அவசரத்தின் குற்றம் ஒன்றுமில்லை, யாருக்கும்தான் தெரியாது. இளவயதில் ஒரு பாப் இசைக்குழுவில் பாடினார். ஒரே ஓர் இசைத்தட்டு வந்தது. ஒரு படத்தில் நாலு நிமிடம் பாடி ஆடினார். படம் நீளம் என்று வெட்டியவர்கள் சரியாக அந்த நாலு நிமிடத்தை வெட்டினார்கள். பிறகு தொலைக்காட்சியில் ஒரு பல்பொடி விளம்பரத்துக்குப் பதினோரு நொடி பாடினார். அது பன்னிரண்டு வருடம் ஓடியது. அந்தக் குரலைக் கேட்டுப் பல் தேய்க்காத வாய் நாட்டில் இல்லை. பாடியது யார் என்று கேட்ட வாயும் இல்லை.

பாடகி நூலால் கட்டிய அட்டைக் கட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வானொலி நிலையத்துல பழைய கிடங்கைக் காலி பண்றாங்க. அங்க இருக்கிறவர் என் பேரைப் பாத்துட்டு நேத்து கொடுத்தனுப்பினார். என் பாட்டைப் போடச் சொல்லி வந்த நேயர் விருப்ப அட்டைங்க. மொத்தம் ஐம்பத்தஞ்சு."

மேல் அட்டையில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது: 'எல்லாம் ஒரே ஆள் வேலை. இந்தப் பாட்டை இனி ஒலிபரப்ப வேண்டாம்.'

"அப்ப அதுதான் சட்டம்" என்றார் பாடகி. "ஒரே ஆள் பல பேர்ல எழுதினது தெரிஞ்சா, பாட்டையே நிறுத்திடுவாங்க. பாடறவங்க எல்லாருக்கும் இது தெரியும். எந்தெந்த ஊர்லேருந்து வந்துதுன்னு சொல்லித்தான் அப்ப நிறுத்தினாங்க. வானொலியில நின்னதும் என்னோட ரெண்டாவது தட்டு நின்னுச்சு. யாரும் கேட்டிராத பாட்டுதானேன்னு படத்துலயும் வெட்டிட்டாங்க."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமெல்லாம் இல்ல, நிச்சயம். குழுவுல பாடறவங்க நாங்க ரெண்டு பேர்தான். அவளை ரிப்பன்னு கூப்பிடுவோம். படத்துக்காக நான் இங்க தங்கிட்டேன். குழு அவளைக் கூட்டிக்கிட்டு இருபத்தேழு ஊருக்குப் போச்சு, தினம் ஒரு ஊர். அட்டையெல்லாம் அந்த ஊர்கள்ல போட்டதுதான். முகத்துக்கு நேரா கேட்டேன். 'ஒண்ணே ஒண்ணு போட்டேன்'னு சொன்னா. ஒண்ணு போட்டவ மீதியைப் போட்டிருக்க மாட்டாளா? இதோ, இந்த அட்டை அவ சொந்தக் கையெழுத்து. அன்னியிலேருந்து நாப்பது வருஷமா அவ முகத்துல முழிக்கலை."

"இப்ப என்ன?"

"இப்ப அவளுக்கு முடியலை. நாளைக்குத் தாங்காதுங்கறாங்க. ஒரு தடவை வந்துட்டுப் போன்னு சொல்லியனுப்பியிருக்கா. அவ பண்ணியிருந்தா நான் போகமாட்டேன் சார். பண்ணலைன்னா..."

"பழசையெல்லாம் விட்டுட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடும்மான்னுதான் நானும் சொல்றேன்" என்றார் கணவர், குடையின் கைப்பிடியைப் பார்த்தபடி.

"நீங்களும் அந்தக் குழுவா?"

"பாடவும் மாட்டேன், வாசிக்கவும் மாட்டேன் ஐயா. போஸ்டர் ஒட்டுவேன். வேன் ஊருக்குள்ள நுழையும்போது ஒரு சுவர் வெறுமையா இருக்கக் கூடாது, அது என் பொறுப்பு."

அவசரம் எழுந்தே விட்டார். "அத்தான், முடிஞ்சுது. சொந்தக் கையெழுத்து இருக்கு. சொந்த வாயால ஒத்துக்கிட்டாச்சு. ஊரும் பொருந்துது. ரிப்பன்தான். நீங்க போய்ப் படுங்க."

சாவகாசம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அதற்கு ஆன நேரத்தில் வேறொருவருக்கு ஒரு கேஸே முடிந்திருக்கும். பிறகு, குழு போன ஊர்களும் தேதிகளும் அச்சடித்த பழைய நோட்டீஸை, பாடகி சாட்சிக்கென்று கொண்டுவந்திருந்ததை, கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அட்டைகளை ஒவ்வொன்றாகப் பரப்பினார். நாற்பது வருடத்தில் பூச்சி அவற்றின் ஓரங்களையெல்லாம் அரித்துச் சல்லடையாக்கியிருந்தது.

"மச்சான், பூச்சி எதைத் தின்னிருக்கு?"

"எல்லாத்தையும்தான்."

"எதைத் தின்னலை?"

அவசரம் குனிந்து பார்த்தார். அட்டைகளின் வலது கீழ்மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் முழுசாக நின்றது. அந்த இடத்தில் லேசாக ஒரு நீலம்.

"கண்ணுக்குத் தீட்டற நீலமா இருக்கும் அத்தான். மேடையில பாடறவங்க போட்டுக்குவாங்க. அப்பவும் ரிப்பன்தான்."

"இருக்கலாம்" என்றார் சாவகாசம். மைத்துனரை அவர் மறுத்துப் பேசுவதில்லை. மைத்துனரின் அக்காவான அவர் மனைவி உள்ளறையில் இருந்தார். பாடகியின் கணவர் பக்கம் திரும்பி, "போஸ்டருக்குப் பசை எப்படிக் காய்ச்சுவீங்க?" என்று கேட்டார்.

வந்ததிலிருந்து முதல்முறையாகக் கணவரின் முகம் மலர்ந்தது. அவரிடம் அவர் தொழிலைப் பற்றி யாரும் கேட்டுப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். "மைதாவைக் கட்டி தட்டாம கரைச்சு, கொதி வந்ததும் கொஞ்சம் மயில்துத்தம் போடணும் ஐயா. இல்லேன்னா பூச்சி அரிச்சிடும். ஆடு வேற வந்து மேயும். ஒரு ஊர்ல எங்க மேளக்காரரை முழுசா தின்னுட்டு மத்தவங்களை விட்டுடுச்சு. துத்தம் போட்டா எதுவும் வாய் வைக்காது. கை மட்டும் ரெண்டு நாளைக்கு நீலமா..."

அங்கே நிறுத்தினார். குடை கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

சாவகாசம் பாடகியைப் பார்த்துப் பேசினார், குரலை உயர்த்தாமல். "தபால் முத்திரையையும் நோட்டீஸையும் சேர்த்து வெச்சுப் பாருங்கம்மா. ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு அட்டை. அதுவும் கச்சேரிக்கு முந்தின நாளே போட்டது. முந்தின நாள் ரிப்பன் வேற ஊர் மேடையில பாடிக்கிட்டிருந்தாங்க. குழு போறதுக்கு ஒரு நாள் முன்னாடியே ஊருக்குப் போறவர் ஒருத்தர்தான்."

பாடகி கணவரைத் திரும்பிப் பார்க்கவே நேரமாயிற்று.

"நாலு பேர் கேக்கட்டுமேன்னுதான் எழுதினேன்" என்றார் கணவர். "நீ பாடினது ஒரு பாட்டு. அதையும் யாரும் கேக்கலைன்னா உன் மனசு என்ன ஆகும்? சட்டம் கிட்டம்லாம் பாடறவங்களுக்குத்தான் தெரியும். பசை காய்ச்சறவனுக்கு யாரு சொன்னா? தெரிஞ்சு உன்கிட்ட சொல்லலாம்னு ஓடி வந்தேன். அதுக்குள்ள நீ அவகூட சண்டை போட்டுட்டு மாடிப்படியில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தே. என் தோள்ல சாஞ்சே. அதுவரைக்கும் நீ எங்கிட்ட பேசினதுகூட இல்ல. அன்னிக்குச் சொல்ல முடியலை. அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிடலாம்னு..."

"நாப்பது வருஷம்" என்றார் பாடகி. "அவளை நான் வாய் ஓயத் திட்டும்போதெல்லாம் நீங்க தண்ணி கொண்டுவந்து கொடுத்தீங்க."

அவசரம்கூட உட்கார்ந்துவிட்டார்.

பாடகி அட்டைகளைப் பார்த்தார். விரலால் ஒன்றைத் தள்ளினார், இன்னொன்றைத் தள்ளினார். பிறகு அவர் கேட்டதைத்தான் சாவகாசம் கடைசிவரை மறக்கவில்லை.

"சார், ரிப்பன் எழுதினாள்னு நினைச்சப்பகூட, இதுல ஒரு பத்தாவது நிஜமா இருக்கும்னு நேத்து ராத்திரி ஒவ்வொண்ணா பாத்தேன். இந்த ஊர்ல ஒரு பொண்ணு கேட்டிருப்பா, அந்த ஊர்ல ஒரு கடைக்காரர் கேட்டிருப்பார்னு. யாருமே இல்லையா? ஒருத்தர்கூட என் பாட்டைக் கேக்கலையா?"

"இருபத்தேழு ஊர், ஊருக்கு ரெண்டு. ஐம்பத்து நாலு" என்றார் சாவகாசம். "ஒண்ணு மிச்சம் இருக்கும்மா."

அவர் அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்தார். பாடகியே ரிப்பனின் கையெழுத்து என்று முதலில் காட்டிய அட்டை. நாலு மூலையையும் பூச்சி தின்றிருந்தது. நீலம் எங்கும் இல்லை. முத்திரை கச்சேரி நாளிலேயே விழுந்திருந்தது.

"மீதியெல்லாம் எழுத்தைச் சாய்ச்சும் நிமிர்த்தியும் மறைச்சு எழுதினது. இதுல மறைக்கலை. மறைக்க ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு போட்டேன்னாங்க இல்லையா? அவங்க போட்டது ஒண்ணுதான். சிவப்பு மைக்காரர் மத்ததோட இதையும் சேர்த்துக் கட்டிட்டார்."

பாடகி அதை எடுத்துக் கண்ணருகே வைத்து வாசித்தார். 'பக்கத்தில் நின்று கேட்டே பழகிவிட்டது. தூரத்தில் இருக்கும்போதும் கேட்க வேண்டும் போலிருக்கிறது.'

"நேத்து இதைக் கேலின்னு நினைச்சேன்" என்றார்.

மணி ஐந்தேகால் ஆகியிருந்தது. சாவகாசம், பிறந்ததிலிருந்து முதல்முறையாக, ஓடிப்போய் ஆட்டோ கூப்பிட்டார். தெருவில் இருந்தவர்கள் தீ விபத்து என்று நினைத்து வெளியே வந்தார்கள்.

கணவரும் எழுந்தார். "நானும் வர்றேன்."

"வேண்டாம்."

"ஆஸ்பத்திரிக்கு உனக்கு வழி தெரியாதே."

"கேட்டுக்கிட்டுப் போறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

பாடகி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பப் போகும்போது ஓட்டுநரின் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னார். கணவர் வாசற்படியில் நின்றிருந்தார். அவர் பக்கம் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, பாடகி சொன்னார்:

"வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியலை. கதவுக்குத் தாழ் போட்டுடாதீங்க."