வெள்ளை பூசிய சந்து

காய்ந்த பெயிண்டில் கருவாட்டு வாசனை வரக் கூடாது. ஆனால் வந்தது.

அனுசுயா கேன்வாஸுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் இன்னொரு முறை முகர்ந்து பார்த்தாள். வெளியே சாயங்காலமே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய லேத் பட்டறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஓவியர் ராஜசேகரன் ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்; எத்தனை டப்பா பெயிண்டைக் கொட்டினாலும் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் இரும்புத் தூளும் கிரீஸும்தான் மணக்கும். இன்றைக்கு, சுவரை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய கேன்வாஸின் கீழ் மூலையில், காலையில் அவர் பூசிவிட்டுப் போன வெள்ளைத் திட்டிலிருந்து நெத்திலிக் கருவாடு பொரியும் வாசனை வந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த தோசைக்கல் மாதிரி கதகதவென்று இருந்தது.

அந்தத் திட்டுக்கு அடியில்தான் அவளுடைய வீடு இருந்தது.

படத்துக்குக் கோடு போடுவது அவள் வேலை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று குத்தம்பாக்கம் வரைக்கும் ரோடு ரோடாக, சந்து சந்தாக மெழுகுக் கிரேயானால் வரைந்து கொடுப்பாள். ராஜசேகரன் அதன்மேல் அக்ரிலிக் பெயிண்டை அப்பி, பிடிக்காததை மூடி, பிடித்ததை விட்டுவைத்தால் அது அரூப ஓவியம். சென்னீர்குப்பத்தில் அவளுடைய சந்து போன் மேப்பிலேயே கிடையாது. அதனால் அதை மட்டும் நேரில் நடந்து நடந்து வரைந்தாள். அடிபம்பு, செபாஸ்டியன் அண்ணன் ஆட்டோ நிறுத்தும் வேப்பமரம், கடைசியில் அவளும் அம்மா வேம்புலியம்மாளும் இருக்கும் ஷீட் போட்ட வீடு, எல்லாம் ஆசை ஆசையாக. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் அந்த மூலை பூராவும் மெழுகு அப்பிப் போயிருந்தது.

“இந்த மூலை ரொம்பக் கொசகொசன்னு இருக்கும்மா, கண்ணை உறுத்துது,” என்று காலையில் ராஜசேகரன் பிரஷைத் தூக்கினார்.

“சார், அது எங்க தெரு.”

அவர் சிரித்தார். “இது மேப் இல்லம்மா. அப்ஸ்ட்ராக்ட். இதுல தெரு, ஊருன்னு ஒண்ணும் கிடையாது.”

கிடையாதாம்! பெங்களூர் ஹைவே மட்டும் சிவப்பில் ஜம்மென்று ஓடும். புது பஸ் நிலையத்துக்கு நீலக் கட்டம். ரோடு கண்ணை உறுத்தாது, பங்களா கண்ணை உறுத்தாது, அவள் அம்மா துணி காயப்போடும் கயிறுதான் இந்த மனுஷன் கண்ணை உறுத்திவிட்டது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பிரஷைக் கழுவித்தான் கொடுத்தாள். அந்த ஆத்திரம் இப்போது அவள்மேலேயே திரும்பிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் யூசுப் பாய் விஷயம் அவளுக்குத் தெரியும். கேன்வாஸுக்குச் சட்டம் அடிக்கிறவர், மாங்காட்டுக்காரர். போன வாரம் ராஜசேகரன் இதே படத்தில் மாங்காட்டுச் சந்து ஒன்றை வெள்ளையால் மூடினார். மறுநாளிலிருந்து பாய் வேலைக்கு வரவில்லை. போன் போட்டால் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. நேற்று தேடிக்கொண்டு போனாள். பாய் வீட்டுக்குத் திரும்புகிற இடத்தில், பாசி படிந்த பழைய மதில் நின்றது. பக்கத்து டீக்கடையில் கேட்டாள்.

“சந்தா? இங்க எப்பவும் சுவருதாம்மா கீது,” என்றான் கடைக்காரன். அதே கடையில்தான் அவளும் பாயும் எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறார்கள்.

ராஜசேகரனிடம் சொன்னதற்கு, “வேற இடத்துல வேலை கிடைச்சிருக்கும்,” என்று தோளைக் குலுக்கினார்.

அனுசுயா அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாடா, எடுத்துவிட்டாள்.

“இன்னாடி?”

“அம்மா, இன்னா பண்ணிக்கினு கீற?”

“கருவாடு பொரிச்சுக்கினு இருந்தேன். வெளிய இன்னாவோ மாரி கீதுடி. எல்லாம் வெளுத்துப் போச்சு. எதிர் ஊட்டைக் காணோம். செபாஸ்டியனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், பதிலே இல்ல.”

“கதவைத் தொறக்காத!”

“தொறந்துதான் கீது. மூட வரல. வாசப்படி வரைக்கும் வந்துட்ச்சு.”

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். யோசி, யோசி! மெழுகின்மேல் அக்ரிலிக் பிடிக்காது. அது ஸ்டுடியோவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நுனியைக் கிளப்பி நிதானமாக இழுத்தால் பாலாடை மாதிரி முழுசாக உரிந்து வரும், கோடு அடியில் அப்படியே நிற்கும். எத்தனை தடவை உரித்திருக்கிறாள்! உன் வெள்ளையை நான் உரிக்கிறேன்டா பாவி, என்று வாய்விட்டே சொல்லி, கட்டரை எடுத்துத் திட்டின் ஓரத்தில் கீறினாள்.

“அனு, யாரோ ஷீட்டு மேல பிராண்டறாங்கடி.”

“நான்தாம்மா. பயப்படாத. உன்னை வெளிய எடுத்துடுவேன்.”

“நீயா? மேல இன்னாடி பண்ற?”

நுனி கிளம்பியது. இரண்டு கையாலும் பிடித்தாள். இழுத்தாள். கருவாட்டு வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. வெள்ளை வந்தது. இன்னும் வந்தது. போனுக்குள் ஷீட் கிறீச்சிட்டது, பாத்திரம் உருண்டது.

“அனு, ஊடு ஆடுதுடி! அனு...”

உரிந்துவிட்டது.

போனில் சத்தம் நின்றது. மழையும் இன்னும் பிடிக்கவில்லை. அனுசுயா கேன்வாஸைப் பார்த்தாள்.

கோடு இல்லை.

சந்து இல்லை. அடிபம்பு இல்லை. வெறும் துணி.

அப்புறம்தான் உறைத்தது. சூடு. அந்த வெள்ளை சூடாக இருந்தது. சூட்டில் மெழுகு இளகும், இளகினால் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். தொட்டுப் பார்த்தும் மறந்தாளே! ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா சும்மாவா சொல்வாள்?

கையில் உரிந்து வந்திருந்த பெயிண்ட் தோலை மெதுவாகத் திருப்பினாள். பின்பக்கத்தில் எல்லாம் இருந்தது. வேப்பமரம். சந்து. கடைசியில் குட்டிச் சதுரம். அவள் வீடு.

“அனு.”

குரல் போனிலிருந்து வரவில்லை.

சதுரத்துக்குள் சின்னதாக ஒரு மேடு எழும்பியது. அடங்கியது. மறுபடி எழும்பியது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. பக்கத்துச் சதுரத்தில் இன்னொன்று. எதிர்ச் சதுரத்தில் இன்னொன்று. பிறகு சந்து முழுக்க.

தோலின் ஓரங்கள் சுருளத் தொடங்கின. அக்ரிலிக் தோல் தன்மேல் தானே பட்டால் போச்சு, ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் பிரிக்க முடியாது. இரண்டு கையையும் அகல விரித்தாள். இழுத்துப் பிடித்தாள். கீழே வைக்க முடியாது. விட முடியாது.

வாசலில் கார் வந்து நின்றது.

“அனுசுயா, உள்ளதானே இருக்கே?” ராஜசேகரனின் குரல்.

“சார், தொறக்காதீங்க! சார்!”

ஷட்டர் கடகடவென்று ஏறியது. மழைக் காற்று ஒரே வீச்சாக உள்ளே வந்தது. தோல் அவள் கைகளுக்கு நடுவே இரண்டாக மடங்கி, வீட்டின்மேல் வீடு படிந்து, பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

உள்ளே தட்டிக்கொண்டேதான் இருந்தார்கள்.