பத்து மில்லிக்குக் குறைந்த துளைகள்

சாஹித்யாவின் இடது காதில் தோடு இல்லை. வலது காதில் இருந்தது.

திங்கட்கிழமை காலை, கச்சிபௌலி அலுவலகத்தின் ஏழாவது மாடியில், இதை முதலில் கவனித்தவன் உலகநாதன். இரண்டு வருடங்களாக அவன் அவளை ஒரு நாள் விடாமல் கவனித்து வந்தான். காதல் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். காதலாக இருந்தால் இவ்வளவு சிரத்தை இருந்திருக்காது. அவன் எட்டு மணி நேரம் குனிந்து முடிப்பதை அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவாள். அதுதான் விஷயம்.

"ஒரு தோடு எங்க?"

"அத கேக்காத உலகம். காலைல போடப் போறேன், ஓட்டையே இல்ல! அப்படியே தூந்து போச்சு. அம்மா ஈர்க்குச்சிய வெச்சுக் குத்திப் பாத்தாங்க. நக்கோ மம்மி, வேணாம்னு கத்திட்டேன்." செகந்திராபாத்திலேயே நாலு தலைமுறையாக இருக்கும் வீட்டுப் பெண், தமிழ் பேசினாலும் ஊர் பாஷை நடுவில் எட்டிப் பார்க்கும்.

உலகநாதன் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்த ஓட்டையை அடைத்தவன் அவன்தான்.

ஹெல்மெட் போட்ட தலை தரையில் மோதினால் என்ன ஆகும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது அவர்கள் பிழைப்பு. அதற்குத் தலையின் வடிவத்தைப் பொடிப்பொடிக் கட்டங்களாக வலை பின்ன வேண்டும். பின்னுவதற்கு முன், கணக்குக்கு உதவாத சின்ன ஓட்டை, மேடு, இடுக்கு எல்லாவற்றையும் அடைத்து வழித்துவிட வேண்டும். திறந்து கிடக்கும் விளிம்பு திரையில் சிவப்பாகத் தெரியும். தைத்து ஒட்டிவிட்டால் பச்சை.

மாதிரிக்காக டீமில் எல்லார் தலையையும் ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணை மூடி, வாயை மூடி, ஆடாமல் உட்கார வேண்டும். வேலை கொடுத்த ஜெர்மனிக்காரர்கள் சாஹித்யாவின் தலையைத் தேர்ந்தெடுத்தார்கள். உலகநாதனின் தலை, "மூக்குக்குக் கீழே தரம் போதாது" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஆறு வருடமாக விசா போட்டோவுக்கு முடி வெட்டிக்கொண்டு அவன் காத்திருக்க, அவள் தலை மட்டும் முன்கூட்டியே ஜெர்மனி போய்விட்டது. மாடலுக்கு ஒப்புதல் கிடைத்தால் மிச்ச உடம்பும் போகும்.

அவள் மாடலைச் சரிபார்க்கும் பொறுப்பு அவனுக்கு. வெள்ளிக்கிழமை இடது காதுத் துளையை அடைத்தான். வலது காதுக்குப் போவதற்குள் யாருக்கோ பிறந்தநாள், கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.

இடது இல்லை. வலது இருக்கிறது.

சே, தற்செயல். அதை நிரூபிக்கத்தான் மோவாயில் மேடாக இருந்த மச்சத்தைத் தேடிப் பிடித்து வழித்தான். சேமித்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து சீட் ஸ்ரீஜா சொன்னாள்: "ஏய், மச்சத்த எடுத்துட்டியா? முகமே களையா இருக்கு. எந்த டாக்டர், சொல்லுடி!"

சாஹித்யா மோவாயைத் தடவிப் பார்த்தாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

உலகநாதனுக்கு முதுகு சில்லிட்டது, உண்மைதான். ஆனால் அதற்கும் முன்னால் வந்தது எரிச்சல். அவன் அழித்த மச்சம்கூட அவளுக்கு லாபமாகத்தான் முடிந்திருக்கிறது.

சாயங்காலம் மேனேஜர் வேணுகோபால் எல்லாரையும் கூப்பிட்டார். "சாஹித்யா ரெண்டு வருஷம் ஜெர்மனி. மாடல் ஓகே ஆனதும் டிக்கெட். உலகா, நீ கடைசியா ஒரு பார்வை பாத்து அனுப்பிடு." எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவன் உலகநாதன்.

மழை பிடித்துக்கொண்டது. கேப் கிடைக்காது என்று எல்லாரும் சீக்கிரமே கிளம்பிப் போக, ஏசியின் ஈர வாடையும் யாரோ குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போன மிர்ச்சி பஜ்ஜியின் எண்ணெய் நாற்றமும் கலந்து மிதக்கும் அந்த நீள ஹாலில், கண்ணாடிச் சுவரில் வழியும் மழை கீழே நிற்கும் வண்டிகளின் சிவப்பு வெளிச்சத்தை மேஜைகள் மேல் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருக்க, அவனும், எதிர்த் தடுப்புக்கு அந்தப் பக்கம் முணுமுணுக்கும் அவள் பாட்டும் மட்டும் மிஞ்சினார்கள்.

திரையில் அவள் தலை மெல்லச் சுழன்றது. துளை நிரப்பும் அளவு ஒரு மில்லிமீட்டர் என்றிருந்தது. அவன் பத்து என்று மாற்றினான். மூக்குத் துளை, காதுத் துளை, எல்லாம் அதற்குள் அடங்கும். மூடிய உதடுகளையும் சேர்த்துத் தைக்கச் சொன்னான். மாடல் கெட்டால் ஜெர்மனிக்காரன் திருப்பி அனுப்புவான், அவ்வளவுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். காதும் மச்சமும் ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. நன்றாகவே இருந்தன.

அழுத்தினான்.

சிவப்புக் கோடுகள் பச்சையாயின.

பாட்டு நடுவில் நின்றது.

மழை மட்டும். பிறகு அவள் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"சாஹித்யா?"

நாற்காலி கிறீச்சிட்டது.

பழையபடி மாற்றப் போனான். திரை மறுத்தது. கோப்பு வேறொருவரிடம் திறந்திருக்கிறது என்றது. பெயரும் சொன்னது. சாஹித்யா.

தடுப்புக்கு மேலே ஒரு தலை எழுந்தது. மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. வாய் இருந்த இடத்தில் வழவழப்பு. வலது காதுத் தோடு பாதி சதைக்குள் புதைந்து, மீதி மினுங்கியது. கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவை அவனைப் பார்த்தன. பிறகு கீழே, அவள் திரைக்குத் தாழ்ந்தன.

கிளிக்.

அவன் திரையில் அவள் தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை வந்தது. திருப்பி அனுப்பப்பட்ட தலை. கண்ணை மூடி, வாயை மூடி, ஆடாமல்.

கிளிக். மழைச் சத்தம் பாதியானது.

கிளிக். மழையே இல்லை.

கத்தப் போனான். உதடுகள் பிரியவில்லை. மூக்கில் காற்று ஏறவில்லை. நெஞ்சு இரண்டு முறை அடித்துத் திமிறி, அடங்கியது. ஆனாலும் அவன் சாகவில்லை. திடமாக, கெட்டியாக, உட்கார்ந்திருந்தான்.

அவள் எதையும் மொத்தமாக அழுத்தவில்லை. ஒவ்வொரு கோடாக, கையால், தடயமே தெரியாமல் தைத்தாள். இப்படி ஒரு சுத்தம் தனக்கு ஜென்மத்துக்கும் வராது. அந்த நேரத்திலும் அவனுக்கு வயிறு எரிந்தது.

இடது இமைக்கோடு பச்சையானது. பாதி உலகம் அணைந்தது.

திரையில் ஒரே ஒரு சிவப்புக் கோடு மிச்சம், வலது கண்ணில். அம்புக்குறி அதை நோக்கி நிதானமாக நகர்ந்து வந்தது.