ஐந்தாம் மாடி, கோடி வீடு

விஜயதசமியன்று சாயங்காலம், மிச்சமிருந்த கடலைச் சுண்டலை இருவரும் ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். எந்தக் கோணலும் இல்லாமல் அவர்களுக்குள் நடந்த கடைசிக் காரியம் அதுதான் என்று ராமலட்சுமி பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள். துரைசுவாமி அடியில் கிடந்த தேங்காய்த் துருவலை விரலால் வழித்து அவள் பக்கம் ஒதுக்கிவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, கொலுப்படிகளுக்குக் கீழே தரையில் பரப்பியிருந்த ஊரைப் பார்த்துச் சிரித்தார்.

"கல்பாத்தி மாமிகள் அத்தனை பேரும் என் பிளாக்கைத்தான் பாத்துட்டுப் போறா. படியில இருக்கற பெருமாளை ஒருத்தரும் சீந்தலை."

"பெருமாளுக்கு லிஃப்ட் இல்லையே அண்ணா, அதான்" என்றாள் பட்டு. பட்டு அவருடைய தங்கை. பாலக்காடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. டியூட்டி முடிந்து வந்த புடவையோடு உட்கார்ந்து பொம்மைகளைச் சுற்றப் பழந்துணி கிழித்துக்கொண்டிருந்தாள்.

துரைசுவாமி சிங்கப்பூரில் நகரத் திட்ட ஆபீஸ் ஒன்றில் வரைவாளர். கட்டி முடித்த குடியிருப்புப் பேட்டை ஒன்றின் அட்டை மாதிரியை ஆபீஸில் கழித்துக் கட்டியபோது, அதைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைக்கோல் திணித்து, கப்பலில் கொண்டுவந்திருந்தார். மற்ற வீடுகளில் கொலுவுக்குக் கீழே பூங்காவும் குளமும் வைப்பார்கள். இந்த வருஷம் இவர்கள் வீட்டில் அடுக்குமாடி பிளாக்குகள் நாலு, மார்க்கெட், பள்ளிக்கூடம், நடுவில் சாலைகள். சாலையெங்கும் சுண்டுவிரல் நகமளவு வெள்ளை அட்டை மனிதர்கள். முகம் கிடையாது.

வந்தவர்களுக்கெல்லாம் அலுக்காமல் சொன்னார். "இந்தத் தெருவை அப்படியே தூக்கி நெட்டுக்குத்தா நிறுத்தினா, அதாக்கும் பிளாக். இங்கயும் ஒரு சுவர் ரெண்டு ஆத்துக்குப் பொது, அங்கயும் அப்படித்தான். ஸ்கூலுக்குப் போற கொழந்தை பெரிய ரோட்டைத் தாண்டப்படாது. மார்க்கெட்டுக்கு நடந்தே போயிட்டு வரணும். கீழ்த்தளத்துல வீடே கிடையாது, தூணோட திறந்து விட்டிருக்கு. கல்யாணம்னாலும் சாவுன்னாலும் ஜனங்கள் அங்கதான் கூடணும்."

அந்த பிளாக்குகளில் ஒன்றில்தான் அவருக்கு வீடு கிடைத்திருந்தது. ஐந்தாம் மாடி, கோடி வீடு. கல்யாணமான நாள் முதல் லீவுக்கு லீவு மட்டுமே புருஷனைப் பார்த்துவந்த ராமலட்சுமிக்கு பாஸ்போர்ட் வந்துவிட்டது. தை பிறந்ததும் இருவரும் சேர்ந்தே கப்பலேறுவதாக இருந்தது.

"லிஃப்ட் மட்டும் அஞ்சுல நிக்காது. நாலுல எறங்கி ஒரு மாடி ஏறணும்" என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்திருந்தார்.

"நம்மாத்துல நிக்காத லிஃப்ட் என்ன லிஃப்ட்?"

"எல்லா மாடியிலயும் நின்னுண்டிருந்தா மேல இருக்கறவா எப்போ போய்ச் சேர்றது?"

முதல் நாளே அவள் படியிலிருந்த பொம்மைகளுக்கு வைத்த கையோடு, அந்தக் கோடி வீட்டின் அட்டைக் கதவிலும் தீக்குச்சி முனையால் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தாள். தினமும் ஆரத்தியைப் படிகளுக்குக் காட்டிவிட்டுக் கீழேயும் இறக்கிக் காட்டினாள்.

விஜயதசமியன்று இருட்டியதும் பட்டு மரப்பாச்சி ஜோடியில் ஒன்றைப் படுக்க வைத்துத் தாலாட்டுப் பாடினாள். அழைத்து உட்கார வைத்தவர்களைத் தூங்கப் பண்ணி அனுப்பினால்தான் கொலு முடிந்ததாகக் கணக்கு. ராமலட்சுமி சாலையில் நின்ற வெள்ளை மனிதர்களைப் பார்த்தாள்.

"ஏன்னா, இவாளை? இவாளுக்கும்தானே இத்தனை நாள் ஆரத்தி காட்டினோம்."

"அது பொம்மையே இல்லடி. கட்டடம் எத்தனை உசரம்னு கண்ணுக்குத் தெரியறதுக்கு நிறுத்தி வெக்கறது. பசை போட்டு ஒட்டியிருக்கு. படுக்காது."

மறுநாள் காலை பொம்மைகள் துணிக்குள் போயின. ஊரைப் பலகையோடு தூக்கி மாடி அறையில் வைத்தார்கள். அவள் ஈரத்துணியால் தூசி துடைத்துக்கொண்டு வந்தபோது, ஐந்தாம் மாடி நடையில், அவர்கள் வீட்டுக்கு அடுத்த கதவுக்கு முன்னால் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தது.

"ஏன்னா, நம்மாத்துக்கிட்ட நிக்கறது யாரு?"

அவர் குனிந்து பார்த்தார். "மாடி நடையில நான் ஆளே வெக்கலையே."

"பட்டு விளையாடியிருப்பாளோ?"

பேனாக்கத்தியின் நுனியை அதன் காலடியில் கொடுத்து நெம்பினார். அசையவில்லை. பசை மஞ்சளடித்து இறுகியிருந்தது, வருஷக்கணக்காக அங்கேயே நின்றதைப் போல.

அதற்குப் பிறகு வீட்டில் எதுவும் ஓரிடத்தில் தரிக்கவில்லை. பக்கத்து வீடு, அதன் சொந்தக்காரர்கள் பம்பாய் போனதிலிருந்து பூட்டியே கிடந்தது. ஆனால் அவள் பொதுச் சுவரை ஒட்டி உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கும்போது, சுவருக்குள்ளிருந்து ரப்பர்ச் செருப்புகள் சிமென்டுத் தரையில் தேயும் ஓசையும், வரிசையாகத் தாழ்ப்பாள்கள் விலகும் ஓசையும், ஏதோ ஒரு கனத்த இயந்திரம் முனகிக்கொண்டே மேலேறி ஒரு குலுக்கலோடு நிற்கும் ஓசையும் வந்தன. சாம்பிராணியும் இல்லாத, ஊதுபத்தியும் இல்லாத ஒரு தடித்த புகை வாசனை, ஈரச் சிமென்டின் நெடியோடு கலந்து மாடிப்படி வழியாக இறங்கி, பால் காய்ச்சும் பாத்திரம்வரை வந்து நின்றது. துரைசுவாமி பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். கூடத்திலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து மாடிப்படிக்கும் நடந்தார். படியில் கால் வைப்பார், ஏறாமல் திரும்புவார்.

"அந்த வாசனை நோக்குத் தெரியறதா?" என்று ஒரு மத்தியானம் கேட்டார்.

"தெரியறது. என்ன அது?"

"சீனாக்காரா செத்துப்போன பெரியவாளுக்குக் கொளுத்தற பத்தி." மாடிப்படிப் பக்கம் பார்த்தார். "பேட்டை கட்டறதுக்கு முன்னாடி அந்த எடம் ஒரு மேடாக்கும். அவா பொதைக்கற மேடு."

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"பயப்படாதே. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. தோண்டி எடுத்து, பூஜை போட்டு, சொந்தக்காராகிட்டக் குடுத்தாச்சு. சின்ன ஊர், ஜனம் ஏராளம், உயிரோட இருக்கறவாளுக்கே எடம் கிடையாது. பின்னே என்ன பண்றது?"

"எல்லாரையும் கூட்டிண்டு போக ஆள் வந்தாளா?"

"பாதிப் பேருக்கு வரலை" என்றார். "யாருமே கேட்டு வராதவாளும் உண்டே."

கேட்டு வர ஆளில்லாதவர்களை அவள் அழைத்திருக்கிறாள். குங்குமம் வைத்து, விளக்கேற்றி, பாட்டுப் பாடி. அழைத்தவள் படுக்க வைக்காமல் விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஐப்பசி மாதத் துலாமழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். ஒவ்வொருவராகப் படுக்க வைத்துவிடுவது, பசையோடு பிய்ந்தாலும் சரி என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினாள். ஓட்டின் மேல் மழை இரைந்தது. விளக்கைப் பலகையின் ஓரத்தில் வைத்தாள்.

சாலைகள் காலியாக இருந்தன.

மார்க்கெட் காலி. பள்ளிக்கூட வாசல் காலி. நின்றவர்களின் காலடியில் பசை வட்டங்கள் மட்டும், மஞ்சளாக.

வெளிச்சத்தை இறக்கினாள். அவர்கள் பிளாக்கின் திறந்த கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே, அத்தனை பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கல்யாணத்துக்கு நிற்பதுபோல் இல்லை.

"ஏன்னா!"

அவர் ஓடிவந்தார். பார்த்தார். அவள் கண் அவர் நெற்றிக்குப் போயிற்று.

"கோவிலுக்குப் போனேளா?"

"இந்த மழையிலயா? ஏன்?"

நெற்றியைத் தொட்டார். விரல் சிவப்பாக வந்தது. குங்குமம் ஈரமாக இருந்தது.

அவள் கொண்டுவந்திருந்த ஊசியை எடுத்து முதல் ஆளை நெம்பினாள். ஊசி வளைந்தது. இன்னொன்று. அதுவும் வளைந்தது. பட்டு பாடிய தாலாட்டைப் பாடிப் பார்த்தாள். இரண்டாம் அடியில் நிறுத்திவிட்டாள். "விடுடி, கார்த்தால வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேக்கலாம், வா" என்று அவர் அவள் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தார். அவர் கை சில்லிட்டிருந்தது.

விடிகிற நேரத்தில் பாயில் அவர் இல்லை. மாடி அறையில் பலகைக்கு முன்னால், ஒருக்களித்து, கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். மரப்பாச்சியைப் படுக்க வைக்கிற மாதிரி. டாக்டர் வந்து இருதயம் என்றார். பாதங்களைத் துடைத்த பட்டு, துணியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சுருட்டி ஒளித்தாள். ராமலட்சுமியும் பார்த்தாள். நெடுந்தூரம் நடந்த கால்கள். குதிகால் முழுக்க ஈரச் சிமென்டு.

காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு பட்டு சொன்னாள்: "மன்னி, அதைப் பொழைத் தண்ணியில விட்டுடலாம். நீங்க மேல வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்."

"பலகையை ஒருத்தியாத் தூக்க முடியாதுடி" என்று அவளும் ஏறினாள்.

ஜனங்கள் சாலைக்குத் திரும்பியிருந்தார்கள். மார்க்கெட்டில் கூட்டம். பள்ளிக்கூட வாசலில் கூட்டம். கீழ்த்தளம் காலியாக, கூட்டிவிட்ட மாதிரி இருந்தது. அவர் முதல் நாள் வைத்த மாதிரியே ஊர் நடந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் மாடி கோடி வீட்டின் கதவு திறந்திருந்தது. திறக்கவே முடியாத, கோடாக மட்டும் கீறிய கதவு அது. அதன் வாசலில் ஓர் ஆள். இடது கை இடுப்பில். எழுந்து நின்று தன் வரைபடத்தைத் தானே பார்க்கும்போது துரைசுவாமி அப்படித்தான் நிற்பார்.

பட்டு பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள். "பிடிங்கோ மன்னி."

ராமலட்சுமி பிடிக்கவில்லை.

"மன்னி, நேரமாறது."

"வேண்டாம் பட்டு. கீழ வை."

"என்ன சொல்றேள்? அண்ணாவைக் கொண்டுபோனது போறாதா?"

"தண்ணியில எப்படிடி விடறது?" என்றாள் ராமலட்சுமி. "அங்கதானே இருக்கார்."

பட்டு பலகையைத் தொப்பென்று வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். ராமலட்சுமி இறங்கி வந்த பிறகு அவளே ஏறிப்போய் அறையைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை, காப்பி டம்ளரோடு வந்த பட்டு, டம்ளரைக் கீழே போட்டாள்.

"மன்னி, யார் வெச்சா?"

"என்னது?"

"நெத்தியில."

ராமலட்சுமி தொட்டுப் பார்த்தாள். பத்தாம் நாள் அழித்த நெற்றி. இனி யாருமே வைக்கமாட்டாத இடம்.

விரல் சிவப்பாக வந்தது.

கொலுவுக்குக் கூப்பிட வருகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். வைத்துவிட்டு, அவசியம் வரணும் என்பார்கள்.

பட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. முந்தானையால் அந்த நெற்றியைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். தோல் கன்றியது. சிவப்பு போகவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கக்கூட எழாமல், அண்ணன் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாடி அறைப் பூட்டு தானாக விழுந்த ஓசை இருவருக்கும் கேட்டது.

உட்கார்ந்த இடத்திலிருந்து மாடிப்படி தெரிந்தது. படியின் உச்சியில் திறந்த கதவு. அதற்கு அப்பால் அறை இல்லை. நீண்ட சிமென்டு நடை. நடையின் ஒரு பக்கம் முழுக்கக் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு பொட்டு. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர், வெள்ளையாக, முகமில்லாமல், கையில் தாம்பூலத் தட்டோடு. எல்லோரும் கீழே பார்த்தபடி. கோடியில் இருந்தவர் மட்டும் இடது கையை இடுப்பில் வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், வாசலில், ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டிருந்தது.

"பாக்காதீங்கோ" என்றாள் பட்டு. "மன்னி, என்னைப் பாருங்கோ."

பொதுச் சுவருக்குள் இயந்திரம் முனகிக்கொண்டு ஏறத் தொடங்கியது. பட்டுவின் பிடி இறுகியது. ராமலட்சுமியின் கை அந்தப் பிடிக்குள்ளேயே கனம் குறைந்து, தட்டையாக, அட்டையைப் போல ஆகிக்கொண்டிருந்தது.

ஒரு குலுக்கல். லிஃப்ட் நின்றது.

நாலில்தான். அதற்கு மேல் அவள் நடந்துதான் ஏறவேண்டும்.