திருப்பிச் சொல்லுங்கள்

பதிவில் யாரோ எச்சில் விழுங்கினார்கள். நர்ஸ் அதை மறுபடி ஓடவிட்டாள். முதலில் ஸ்பானிஷ் கற்றுத்தரும் செயலியின் வாத்தியாரம்மா, "என் மி காசா சோமோஸ் த்ரேஸ்," எங்கள் வீட்டில் மூன்று பேர். அப்புறம் அதைத் திருப்பிச் சொல்லும் இவள் குரல். அதற்கும் அடியில், துணியில் முகம் புதைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, அதே வாக்கியம் அரை நொடி தாமதமாக இன்னொரு முறை.

எதிரொலி கேட்டால் அந்தப் பாழாய்ப்போன செயலி மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். அதனால் இரண்டு மாதமாகத் துணி அலமாரிக்குள், தொங்கும் சட்டைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் அவள் பழகினாள். வாய்மொழித் தேர்வில் தேறினால் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை, ஐந்து வயது மகளுக்கு நல்ல பள்ளிக்கூடம். அவள் உயிரெல்லாம் அந்தப் பிள்ளைமேல்தான் இருந்தது.

சந்தேகம் முதலில் புருஷன்மேல் விழுந்தது. பஸ் ஓட்டுகிறவன், பயணிகளைப் போலப் பேசிக் காட்டுவதில் கெட்டிக்காரன்.

"நீங்கதானே அலமாரிக்குப் பின்னாடி நின்னு என்னைக் கேலி பண்றது?"

"எனக்கு வேற வேலையில்லையா? உன் வாயிலயே நுழையாத பாஷை என் வாயில நுழைஞ்சிடுமா?"

சிரிக்காமல் சொன்னான். அதையும் அவள் நம்பவில்லை.

மறுநாள் அவன் டூட்டிக்குப் போனபின் வீடியோவில் பழகினாள். திரையில் ஒரு பக்கம் வாத்தியாரம்மாவின் உதடு, மறுபக்கம் இவளுடையது. பழகி முடித்துப் போட்டுப் பார்த்தாள். வாக்கியம் முடிந்து இவள் வாய் மூடிவிட்டது. குரல் மூடவில்லை. பின்னால் தொங்கிய சாம்பல் சட்டையில், ஆள் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில், துணி உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

பதிவை மறுபடி ஓடவிட்டாள். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. வாத்தியாரம்மா சொல்வதை அது ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இவள் தடுமாறிய இடத்தில் தடுமாறியது, இவள் இருமியபோது இருமியது. அது ஸ்பானிஷ் கற்கவில்லை.

அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பான்.

தேர்வு நாள், மாலை ஐந்து மணி. மகள் தன் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நர்ஸ் கூடத்து மேஜையில் போனை நிறுத்தினாள். முதலில் குரல் சரிபார்ப்பு. பேர் சொன்னாள்.

"குரல் பொருந்தவில்லை."

மறுபடி சொன்னாள், நிறுத்தி, தெளிவாக.

"குரல் பொருந்தவில்லை. பதிவு செய்தவர் மட்டும் பேசவும்."

மகளின் அறைக்குள்ளிருந்து யாரோ அவள் பேரைச் சொன்னார்கள். அவளுடைய குரலில். பிசிறு இல்லாமல்.

"குரல் பொருந்தியது," என்றது போன்.

நாற்காலி உருண்டது. ஓடினாள். கதவு சாத்தியிருந்தது; தள்ளினால் உள்ளிருந்து எதுவோ எதிர்த்துத் தள்ளியது.

"கண்ணு! வெளியில வா! அம்மா கூப்பிடறேன்!"

உள்ளே பென்சில் உருண்டு விழும் சத்தம். பிறகு அந்தக் குரல். பொறுமையாக. இவளைவிடப் பிரியமாக.

"போகாதடா செல்லம். வெளியில நிக்கிறது அம்மா மாதிரியே பேசும். அம்மா இங்க இருக்கேன்ல?"

நர்ஸ் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"சரிம்மா," என்றாள் மகள்.

சின்னக் காலடிகள் கதவுவரை வந்தன. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.