கதவுக்குத் தெரியாத ஆள்

எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போன பிறகுதான் அவன் திரையில் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தான். குளிர் அறை, உட்பக்கக் கதவு: பயனர் இல்லை. போன வாரத்திலிருந்து பூட்டிக் கிடக்கிற அறை. உள்ளேயிருந்து யார் கார்டைக் காட்டுகிறார்கள்?

அந்த மருந்துக் கிடங்கில் அவனுக்கு ‘பாஸ்வேர்டு’ என்றுதான் பெயர். மறந்தவர்கள் எல்லாம் வந்து நிற்பது அவனிடம். கதவுகளை, ஊழியர் பெயர்ப் பட்டியலான கணினி டைரக்டரியோடு இணைத்தவனும் அவன்தான். கார்டைக் காட்டினால், இவர் நம்ம ஆளா என்று கதவு டைரக்டரியைக் கேட்கும். பெயர் அகப்பட்டால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. திருட்டுப் பயத்தில், வெளியே வரவும் கார்டு வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் அந்த டைரக்டரியின் ஒரு கீழ்க்கிளையில் இருந்தன. ‘கீழ்க்கிளைகளிலும் தேடு’ என்ற சின்னக் கட்டத்தில் டிக் போட மறந்துவிட்டான், பாவி.

அவன் புது ஏற்பாட்டுக்கு மாற்றியபோது, ஒப்பந்தத்தில் வேலை பார்த்த துப்புரவு அக்கா அந்தக் குளிர் அறைக்குள் இருந்தாள். அவன் நாற்காலியைச் சுற்றித் துடைக்கும்போதெல்லாம் “கொஞ்சம் நகருங்க தம்பி” என்பாளே, அவள்தான். அவன் கணினியில் எச்சரிக்கை மணி விடாமல் அடித்தது. புதுசு, அப்படித்தான் கத்தும் என்று அதை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். பண்டிகை லீவு முடிந்துதான் கதவைத் திறந்தார்கள். யாரும் பார்க்காதபோது டிக்கைப் போட்டான். கார்டு பழுது என்று விசாரணையில் சொன்னான். அன்றிலிருந்து அவன் மத்தியானம் சாப்பிடப் போவதில்லை. மணியை மறுபடி போடவும் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்க அவனுக்குத் தெம்பு கிடையாது.

இன்னொரு சிவப்பு வரி. கிடங்குக்காரரைப் போனில் கூப்பிட்டான்.

“அண்ணே, குளிர் அறைக்குள்ள யாராவது இருக்காங்களா?”

“பூட்டின ரூம்ல யாருப்பா இருப்பா? பசி முத்திப் போச்சா உனக்கு? சாப்பிட வா.”

அன்றைக்கு எட்டிப் பார்த்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாள். இன்றைக்காவது பார்த்துவிட வேண்டும். போனை மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடினான்.

அவன் கார்டுக்குப் பச்சை எரிந்தது, கனமான கதவு மூச்சு விடுவதுபோல் திறந்தது, மருந்து நெடியும் ஐஸ் வாடையும் முகத்தில் அறைந்தன, மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் அட்டைப்பெட்டி வரிசைகள் வெண்புகைக்குள் போய் மறைந்தன. அவற்றுக்குள்ளிருந்து, சம்பந்தமே இல்லாமல், பினாயில் வாசம்.

“அக்கா?”

பின்னால் கதவு மூடிக்கொண்டது.

கார்டை வைத்தான். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு. பயனர் இல்லை.

“ஐயோ, நான்தான்! நான் இங்கதான் வேலை செய்றேன்!”

கதவை அறைந்தான். வெளியே சத்தமே போகாது, அவனுக்குத் தெரியும். மாடியில், ஆளில்லாத அறையில், அவன் திரையில் வரிகள் விழுந்துகொண்டிருக்கும். மணி அடிக்காது.

விரல் மரத்தது. கார்டு நழுவி விழுந்தது.

விளக்கு மறுபடி சிவந்தது.

அவன் எதையும் காட்டவில்லை.

பினாயில் வாசம் கழுத்துக்குப் பக்கத்தில் வந்தது. உறைபனி அப்பிய ஒரு கை, கார்டோடு, அவன் தோளுக்கு மேலாக மெதுவாக நீண்டது.

“கொஞ்சம் நகருங்க தம்பி. நான் ஒரு தடவை வச்சுப் பாக்கறேன்.”