நுவரெலியா போகாத டொல்பின்

பள்ளிவாசல்துறைப் பூனைகளுக்கு அன்று வேறு வேலையே இல்லை போலும். விடிந்ததிலிருந்து அந்த வண்டி வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தன.

காரின் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் குட்டி வீடு அது. சிலாபத்து றொகான் அங்கிளுடையது. வெயிலில் தகரச் சுவர் கொதிக்கிறது என்று, நிஃப்லாவின் வாப்பாவிடம் வேலைக்கு விட்டிருந்தார். வாப்பா ஊரறிந்த ஓடாவி. மரவேலையில் கெட்டிக்காரர்.

சூடு இறங்காமலிருக்க, தகரத்துக்கும் உள்பலகைக்கும் நடுவே ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப்பலகை வைக்க வேண்டும். மீன் பெட்டிகள் செய்வதும் அதில்தான்.

“கரையில பழைய மீன் பெட்டி சும்மா கிடக்குதே வாப்பா!” என்று யோசனை சொன்னவள் நிஃப்லாதான்.

“சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவிக் கொண்டு வா மகள்.”

நிஃப்லாவுக்கு விளையாடப் போகும் அவசரம். பெட்டிகளைக் கடலில் ஒரு முக்கு முக்கி எடுத்து வந்தாள்.

“கழுவினியா?”

“ஓம் வாப்பா.”

கருவாடு காயும் ஊரில் யாருக்கு மீன் வாசம் தெரியும்? வாப்பா பெட்டிகளை வெட்டி ஒட்டி, மேலே பலகையையும் பசை பூசி அறைந்துவிட்டார்.

அந்தப் பலகையில் தம்பி ஸஜீத் ஒரு பெரிய நீல டொல்பின் வரைந்தான். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகவிருந்த றொகான் அங்கிளே வரையச் சொல்லியிருந்தார்.

“என்ட டொல்பின் நுவரெலியாவுக்குப் போகும் ராத்தா! அங்க குளிருமே, சுவெட்டர் கீறட்டா?” என்று அக்காவிடம் கேட்டான்.

இப்போது ஒரு பூனை அந்தச் சுவரைப் பிறாண்டியது. நிஃப்லாவுக்குத் திக்கென்றது. நாளைக்கு றொகான் அங்கிள் வருகிறார். வாய் திறந்தால் ஒட்டிய பலகையைக் கழற்ற வேண்டும்; டொல்பின் உடையும். திறக்காவிட்டால் வாப்பாவின் பெயர் கெடும்.

“வாப்பா... நான் சவுக்காரம் போடல்ல.”

வாப்பா ஏசவில்லை. “அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மகள்” என்றார். ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கழற்றும்போது பலகை நடுவால் பிளந்தது. ஸஜீத் அழவில்லை. டொல்பினின் வால் துண்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

நிஃப்லா கண்ணைத் துடைத்தாள். “மெத்தைக்கு அடைக்கிற தும்பு வைப்பமா வாப்பா?”

“ஓம், அதுவும் சூடு தாங்கும்.”

இம்முறை ஒவ்வொரு பிடித் தும்பையும் மோந்து பார்த்தே கொடுத்தாள். மூக்கெல்லாம் தூசி. வாப்பா மேலே புதுப் பலகை அறைய, தும்மித் தும்மியே வேலை முடிந்தது.

மறுநாள் றொகான் அங்கிள் உள்ளே ஏறி, மூச்சை நன்றாக இழுத்தார். “நல்லாயிருக்கே! டொல்பின் எங்க தம்பி?”

ஸஜீத் ராத்தாவைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “அதுக்குச் சுகமில்ல அங்கிள்.”

வெறும் சுவரோடு வண்டி வீடு புறப்பட்டுப் போனது.

நிஃப்லா இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஸஜீத்தின் கட்டிலுக்கு மேலே மாட்டினாள். எவ்வளவு நெருக்கியும் வெடிப்பு மறையவில்லை.

“என்னாலதான் தம்பி அது நுவரெலியா போகல்ல.”

ஸஜீத் பலகையில் மூக்கை வைத்தான். “ராத்தா, மீன் மணக்குது!”

“டொல்பின் வேற என்னடா மணக்கும்?”

அவன் சிரித்துவிட்டான். நிஃப்லா வெடிப்பை ஒருமுறை தடவிவிட்டு, பூனைகள் வருவதற்குள் ஜன்னலைச் சாத்தினாள்.